கடைசியா எங்க இருக்கு?

கேள்வி: சார், ஒரு அர்ரேல, அதாவது வரிசையா அடுக்கின பட்டியல்ல, ஒரே நம்பர் பல தடவ வருது, அது கடைசியா எந்த இண்டெக்ஸ்ல (0-லேர்ந்து எண்ணுற இட எண்) இருக்குன்னு சொல்லணும். முதல்லேர்ந்து லூப் ஓட்டி, கிடைக்கிறப்பல்லாம் இண்டெக்ஸை ஒரு வேரியபிள்ல மாத்தி மாத்திப் போடுறேன். விடை சரியா வருது, ஆனா இன்டர்வியூல "இத விட நல்லா பண்ண முடியாதா"ன்னு கேட்டாங்க. எப்படி?
– கல்லூரி மாணவர், விருதுநகர்

பதில்: தப்பில்ல தம்பி, ஆனா வீண் அலைச்சல். கடைசி எலிமெண்ட்லேர்ந்து பின்பக்கமா வாங்க, முதல்ல எது மேட்ச் ஆகுதோ அதுதான் விடை, அங்கயே நிறுத்திடலாம். நம்பரே இல்லைன்னா மட்டும் எப்படியும் முழுசும் பாத்துத்தான் ஆகணும். சி ப்ளஸ் ப்ளஸ்ல எழுதுனா ஒன்னு கவனிங்க, இண்டெக்ஸை சைஸ்_டிங்கிற எண் டைப்ல வச்சுட்டு "சைபரும் அதுக்கு மேலயும் இருக்கிற வரைக்கும்"னு கண்டிஷன் போட்டா லூப் நிக்காது, ஏன்னா அந்த டைப்புக்கு மைனஸே கிடையாது, சைபர்ல ஒன்னு கழிச்சா நேரா பெரிய நம்பருக்குத் தாவிடும்.

ஆனா இன்டர்வியூல அப்படிக் கேட்டாங்கன்னா அர்ரே சார்ட் ஆகி, அதாவது சின்னதுலேர்ந்து பெருசா வரிசையா இருந்துச்சான்னு யோசிச்சுப் பாருங்க. ஆகியிருந்தா பைனரி சர்ச்தான், அதாவது நடுவுல பாத்துட்டு ஒவ்வொரு தடவையும் பாதியை ஒதுக்கித் தேடுறது. இங்க நிறைய பேர் செய்றது என்னன்னா, நடுவுல நம்பர் கிடைச்சதும் நின்னுட்டு அங்கேர்ந்து வலப்பக்கம் ஒவ்வொன்னா நகர்றது. 10 லட்சம் எலிமெண்ட்டும் ஒரே நம்பரா இருந்தா 5 லட்சம் தடவ நகரணும், அப்புறம் பைனரி சர்ச் எதுக்கு? கிடைச்ச இண்டெக்ஸைக் குறிச்சு வச்சுக்கிட்டு, கிடைக்கவே இல்லாத மாதிரி வலது பாதியில தேடலைத் தொடருங்க, 20 ஸ்டெப்ல முடிஞ்சிடும்.

2, 4, 4, 4, 7, 9 இதுல 4-ஐத் தேடுறோம்னு வைங்க. இண்டெக்ஸ் 0 முதல் 5, நடு 2, அங்க 4 இருக்கு, குறிச்சாச்சு. அடுத்து 3 முதல் 5, நடு 4, அங்க 7, பெருசு, அதனால இடப்பக்கம் வந்தா 3 மட்டும்தான் மிச்சம், அங்கயும் 4. விடை 3.

ஜாவா லிஸ்ட்லயும் ஜாவாஸ்கிரிப்ட் அர்ரேலயும் கடைசி இண்டெக்ஸைச் சொல்ற லாஸ்ட்இண்டெக்ஸ்ஆஃப் ரெடியாவே இருக்கு. பைத்தான்காரங்க மட்டும் ஸ்ட்ரிங்குக்கு (எழுத்துத் தொடருக்கு) அதே வேலை செய்ற ஆர்இண்டெக்ஸ் குடுத்துட்டு லிஸ்ட்டுக்குக் குடுக்காம விட்டுட்டாங்க, அது எனக்குக் கடுப்புதான்.

கேள்வி: எக்செல்ல ஒரு சரக்கோட கடைசி கொள்முதல் விலையை எடுக்கணும், தேடி எடுக்கிற விலுக்கப் ஃபார்முலா முதல் வரியையே காட்டுது.
– மளிகைக்கடை கணக்காளர், ஈரோடு

பதில்: விலுக்கப்ப விடுங்க, எக்ஸ்லுக்கப் போட்டு ஆறாவது இடத்துல மைனஸ் 1 குடுங்க, கீழேர்ந்து மேல தேடும். பில்லெல்லாம் தேதி வரிசைல ஏத்தியிருக்கணும், இல்லைன்னா கடைசி வரிதான் வரும், கடைசி விலை வராது.