பதினோரு அடிக் கடல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் அப்பா பஞ்சாலைத் தொழிலாளியாக இருந்தவர். பழைய வீட்டின் கூடத்தில், ஒரு சோவியத் காலண்டரிலிருந்து வெட்டி எடுத்த கடல் படத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார். உடைந்த பாய்மரத்தைப் பற்றிக்கொண்டு சில மனிதர்கள், பெரிய அலை, அதற்கப்பால் சூரியன். ஓதம் ஏறி அந்தப் படம் எப்போதோ வீணாகிவிட்டது. சென்ற மாதம் அப்பாவுக்குக் கண்புரை அறுவை நடந்தது. கட்டுப் பிரித்ததும், "அந்தக் கடல் படம் இருந்திருந்தா இப்ப நல்லாத் தெரியும்" என்றார். தேடிப் பார்த்தேன், கடல் ஓவியர் ஐவஸோவ்ஸ்கியின் 'ஒன்பதாவது அலை'. பிரிண்ட் போட்டுத் தரும் ஒருவரிடம் விசாரித்தேன். கேன்வாஸா, காகிதமா என்று கேட்கிறார். சோபாவுக்கு மேலே உள்ள இடம் நீளமாகவும் உயரம் குறைவாகவும் இருப்பதால் படத்தின் மேலும் கீழும் வெட்டிக்கொள்ளலாம், திரைச்சீலைக்குப் பொருந்துகிற மாதிரி நீலத்தையும் கூட்டித் தருகிறேன் என்கிறார். என் மைத்துனரோ, "நகலுக்குப் போய் இவ்வளவு பணமா?" என்கிறார். எதில் போடுவது நல்லது? இந்தச் செலவு தகுமா?

க., திருப்பூர்

அன்புள்ள க.,

ஓவியங்களைக் கைபேசியில் பார்த்துப் பழகியபின் எல்லா ஓவியமும் நமக்கு ஒரே அளவாகிப் போனதைப் பற்றிச் சில நாட்களாகக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. அப்பா நலமாக இருக்கிறார் என்பதில் மகிழ்ச்சி. கட்டுப் பிரித்ததும் ஒரு மனிதர் முதலில் கேட்டது ஒரு படத்தை என்றால், அவரை நான் வணங்குகிறேன்.

மைத்துனருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். 1894இல் ரவி வர்மா மும்பையில் அச்சகம் தொடங்கிக் கல்லச்சில் படங்களை அடித்து விற்றிராவிட்டால், அவருடைய லட்சுமியும் சரஸ்வதியும் அரண்மனைச் சுவர்களோடு நின்றிருப்பார்கள். கோவில்பட்டியில் கொண்டைய ராஜு வரைந்து சிவகாசியில் அச்சான தெய்வங்களுக்குத்தான் நம் பாட்டிமார் விளக்கேற்றினார்கள். நகல் என்று யாரும் கும்பிடாமல் விட்டதில்லை.

கேன்வாஸா காகிதமா என்பதும் பெரிய விஷயமில்லை. காகிதமென்றால் பருத்திக் காகிதம், பளபளப்பில்லாத மேட் வகை. கேன்வாஸ் என்றாலும் பளபளப்பு வேண்டாம். இரண்டிலும் பிக்மென்ட் இங்க்தானா, அதாவது நிறத்துகள் கலந்த மைதானா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சாயம் கரைத்த டை இங்க் வெயில் படும் சுவரில் சீக்கிரம் வெளுத்துவிடும். ஓதம் வரும் சுவரென்றால் சட்டத்தின் பின்னால் நான்கு மூலையிலும் சிறு மரக்கட்டை ஒட்டிக் காற்றோட இடம் விடுங்கள். இது போதும்.

எனக்குக் கோபம் வந்தது அந்த நீலத்தில்தான். திரைச்சீலைக்குப் பொருந்த நீலத்தைக் கூட்டுகிறேன் என்று ஒருவர் சொல்ல, அதையும் ஒரு யோசனையாக எடுத்துக்கொண்டு எனக்கு எழுதியிருக்கிறீர்களே! திரைச்சீலையை மாற்றுங்கள், க. அந்தப் படத்தில் இரவு முழுக்க அடித்த புயல் முடிந்து இப்போதுதான் பொழுது விடிகிறது. ஒன்பதாவதாக வரும் அலைதான் எல்லாவற்றிலும் பெரியது என்பது கடலோடிகளின் பழைய நம்பிக்கை. அந்த அலை இனிமேல்தான் விழப்போகிறது. மரத்தில் தொங்கும் மனிதர்கள் பிழைப்பார்களா என்று கேட்டால், படத்தில் அதற்கு இருக்கிற ஒரே பதில் அந்த மஞ்சள் வெளிச்சம். அது அலையின் முகட்டுக்குப் பின்னாலிருந்து ஊடுருவி வருவதால்தான் தண்ணீர் பச்சையாகிறது. ஐவஸோவ்ஸ்கி அந்தப் பச்சையைக் கண்ணாடி போல மெல்லிய பூச்சுகளாக ஒன்றன்மேல் ஒன்று ஏற்றுவார். வெளிச்சம் அவற்றுக்குள் புகுந்து, அடியில் இருக்கும் வெளிர் பூச்சில் பட்டுத் திரும்பி வரும். எந்த அச்சு இயந்திரமும் இதில் பாதியைத்தான் தரும். மிஞ்சும் பாதியையும் நீலத்தில் முக்கி எடுக்க வேண்டுமா? இன்னொன்று, புரை விழுந்த கண்ணின் வில்லை மஞ்சளித்துப்போய் நீலத்தை மறைக்கும். அதை எடுத்தபின் உங்கள் அப்பா பல வருடங்களாகக் காணாத நீலத்தை இப்போது கண்டுகொண்டிருக்கிறார். யாரும் அவருக்காக அதைக் கூட்ட வேண்டியதில்லை.

வெட்டுவதைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒரு மனிதரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

நான் படித்த பள்ளியில் ஒரு டிராயிங் மாஸ்டர் இருந்தார். அவருடைய பாடவேளையைக் கணக்கு வாத்தியார்தான் பெரும்பாலும் எடுத்துக்கொள்வார். மாஸ்டர் ஒன்றும் சொல்லமாட்டார். அவரிடம் ருஷ்ய ஓவியங்கள் அடங்கிய தடித்த புத்தகம் ஒன்று இருந்தது, இந்தப் படத்தை நான் முதலில் பார்த்தது அதில்தான். ஒரு சாண் அகலத்தில் அச்சாகியிருந்தது. "நல்லா இருக்கு சார்" என்றேன். அவருக்கு அது போதவில்லை. படத்துக்கு அடியில் பொடி எழுத்தில் இருந்த எண்களை வாசிக்கச் சொன்னார். 221 × 332 சென்டிமீட்டர். "எவ்வளவுடா அது?" என்றார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

சாயங்காலம் மணி அடித்தபின் என்னை நிறுத்திவைத்தார். தையல் டீச்சரிடமிருந்து அளவு நாடா வாங்கி வந்தார். சைக்கிள் கொட்டகையின் சுண்ணாம்புச் சுவரில் அடுப்புக்கரியால் கோடு இழுத்தார். ஏழே கால் அடி உயரம், பதினோரு அடிக்கு ஓரிரு அங்குலம் குறைவாக அகலம். மேல் கோட்டுக்கு அவர் ஸ்டூல் போட்டு ஏற வேண்டியிருந்தது. பிறகு புத்தகத்தை என் கையில் கொடுத்துவிட்டு, கட்டங்களாகப் பிரித்து, அலையின் விளிம்பு எங்கிருந்து எங்கே போகிறதோ அதை மட்டும் ஒரே வீச்சில் இழுத்தார். மரத்துண்டையும் மனிதர்களையும் குறித்தார். புத்தகத்தில் நகக்கண் அளவு இருந்த ஆள் சுவரில் ஏறக்குறைய ஒரு சாண் ஆனார்.

"வா, பக்கத்துல வந்து நில்லு" என்றார். நின்றேன். அலையின் கோடு என் தலைக்கு மேலே போயிற்று. இரண்டு ஓரத்தையும் பார்க்கக் கழுத்தைத் திருப்ப வேண்டியிருந்தது. புத்தகத்தில் நான் கடலை மேலிருந்து குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன், சுவரில் கடல் என்னைப் பார்த்தது. அந்தப் படத்தில் கரை கிடையாது, கப்பல் தளம் கிடையாது, பார்ப்பவன் கால் ஊன்றி நிற்க ஓரிடமும் கிடையாது. அவனும் தண்ணீரில்தான் கிடக்கிறான். எட்டாவது படிக்கும் பையனுக்கு அதைக் கரிக்கோட்டால் புரியவைத்தார் அவர். மறுநாள் சுவரைப் பாழாக்கியதற்காகத் தலைமையாசிரியர் எல்லார் முன்னாலும் அவரைத் திட்டினார். மாஸ்டரே வாளியில் சுண்ணாம்பு கரைத்து வந்து அடித்தார். அதை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

பல வருடங்களுக்குப் பின் செயின்ட் பீட்டர்ஸ்பர்கில், ரஷ்ய அருங்காட்சியகத்தில் மூலப்படத்தின் முன்னால் நின்றேன். அலை எந்த உயரத்துக்கு எழும் என்பது எனக்கு முன்பே தெரிந்திருந்தது.

அளவு ஓவியத்தின் பகுதி. இதை எத்தனை முறை சொன்னாலும் நம்மவர்களுக்குக் காதில் ஏறுவதில்லை. ஐவஸோவ்ஸ்கிக்கு இந்தப் படத்தை வரைந்த 1850இல் வயது 33. கிரிமியாவின் ஃபியோதோசியா துறைமுகத்தில் பிறந்து வளர்ந்த ஆர்மீனியர். அலையை நேரில் பார்த்து வரைய முடியாது, அது தூரிகைக்கு நிற்காது என்று சொல்லி, பெரும்பாலும் அறைக்குள் உட்கார்ந்து நினைவிலிருந்தே வரைந்தவர். எதிரில் கடல் இல்லாதபோது, அதை எத்தனை பெரிதாக்குவது என்பது முழுக்க அவர் எடுத்த முடிவு. வாழ்நாளில் ஏறத்தாழ 6000 படங்கள் வரைந்தார். சிறிதாக வரையத் தெரியாதவரும் அல்ல. 1887இல் தன் ஐம்பதாண்டுக் கலைவாழ்க்கைக்கு வைத்த விருந்தில், தான் வரைந்துகொண்டிருக்கும் புகைப்படத்துக்குள் கையகலத்துக்கும் குறைவான கடல் ஓவியங்களைப் பதித்து விருந்தாளிகளுக்குக் கொடுத்தார். அவை அந்த அளவுக்கென்றே வரைந்தவை. 1898இல், எண்பதைத் தொட்ட வயதில் வரைந்த 'அலைகளின் நடுவே' 284 × 429 சென்டிமீட்டர். அதில் வெறும் கடல்தான். அதற்கு அவ்வளவு இடம் தேவை என்று அவர் நினைத்தார். நாம் யார் குறைக்க?

எதிர்ப்பக்கத்துத் தவறும் நடக்கிறது. ஜப்பானிய ஓவியர் ஹோக்குசாயின் பேரலைப் படத்தைச் சுவர் முழுக்க ஊதிப் பெரிதாக்கி ஒட்டும் உணவகங்களைப் பார்த்திருப்பீர்கள். அது மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்ட படம், சுமார் 25 × 37 சென்டிமீட்டர். கையில் எடுத்துப் பார்க்கவென்றே செய்தது. சுவரளவுக்கு இழுத்தால் அந்த நுரையின் நகங்கள் மொண்ணையாகிவிடும்.

முழு அளவில் அச்சிட நமக்கு வசதி கிடையாது, தெரியும். குறைக்கலாம், ஆனால் வெட்டக்கூடாது. குறைத்தால் படம் தூரத்தில் போய் நிற்கும், அவ்வளவுதான். மேலும் கீழும் வெட்டினால் வானத்தின் பாரமும் போகும், மரத்துக்கு அடியில் இருக்கும் ஆழமும் போகும். மிஞ்சுவது சோபாவுக்கு மேலே தொங்க ஒரு நீளத் துண்டு. மூலத்தின் உயரமும் அகலமும் கிட்டத்தட்ட இரண்டுக்கு மூன்று. 24 × 36 அங்குலச் சட்டத்தில் ஒரு நூல்கூட வெட்டாமல் அப்படியே உட்காரும். முடிந்தால் 40 × 60 போடுங்கள். சோபா சுவர் ஒத்துவராவிட்டால் வேறு சுவர் பாருங்கள். அப்பா வழக்கமாக உட்காரும் நாற்காலிக்கு நேரெதிரே, அவர் உட்கார்ந்த நிலையில் கண்மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே இருக்கட்டும். ஜன்னலுக்கு எதிர்ச்சுவர் என்றால் கண்ணாடி போட வேண்டாம், அவர் முகம்தான் தெரியும்.

ஓவியர் 1900இல் இறந்தவர். படத்துக்கு உரிமைக் கட்டணம் என்று யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள். இணையத்தில் இதே படம் ஒன்றில் ஆரஞ்சாக, ஒன்றில் மஞ்சளாக, ஒன்றில் பாசியாகக் கிடக்கிறது. எந்தக் கோப்பிலிருந்து அடிக்கிறார் என்று கேளுங்கள். 36 அங்குல அகலத்துக்கு 10,800 பிக்சல் இருந்தால் சிறப்பு, அதில் பாதி இருந்தாலும் நாற்காலி தூரத்துக்குப் போதும். முழு அச்சுக்கு முன் அலையின் முகடு வரும் பகுதியை மட்டும் அதே காகிதத்தில் ஒரு சாண் துண்டு அடித்துத் தரச் சொல்லுங்கள். அதைப் பகல் வெளிச்சத்தில் அப்பாவிடம் காட்டுங்கள். பச்சைக்குப் பின்னால் வெயில் இருக்கிறது என்று அவர் சொன்னால் மட்டும் மீதிப் பணத்தைக் கொடுங்கள்.