பிளாக்டு அக்கவுண்டில் ஓராண்டுப் பணம் போட்டால் போதுமா?

கேள்வி: என் மகனுக்கு ஜெர்மனியின் மாக்டெபர்க் பல்கலைக்கழகத்தில் இரண்டாண்டு முதுநிலைப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. கல்விக் கட்டணம் இல்லை. விசாவுக்காக, ஓராண்டுச் செலவுப் பணத்தைப் போட்டு மாதாமாதம் குறிப்பிட்ட தொகை மட்டுமே எடுக்க முடிகிற 'பிளாக்டு அக்கவுண்டில்' 11,904 யூரோ போட வேண்டும். கையில் 13 லட்சம் ரூபாய் சேமிப்பு இருக்கிறது. இரண்டாம் ஆண்டைப் பகுதிநேர வேலை பார்த்துச் சமாளிப்பேன் என்கிறான். கடன் வாங்காமல் அனுப்பலாமா?
(ஒரு வாசகர், கரூர்)

பதில்: கடன் இல்லாமல் அனுப்பாதீர்கள். யூரோவை 105 ரூபாய் என்று வைத்தால் 11,904 யூரோவே 12.5 லட்சம். மிச்சம் 50,000 ரூபாயில் விமான டிக்கெட்கூடச் சிரமம்.

அந்தப் பணமும் போய் இறங்கிய அன்றே கைக்கு வராது. மாதம் 992 யூரோ வீதம்தான் விடுவிப்பார்கள். அதற்கு அங்கே வங்கிக் கணக்கு வேண்டும். பல வங்கிகள் 'அன்மெல்டுங்' எனும் முகவரிப் பதிவைக் கேட்கும். அந்தப் பதிவுக்கு வீட்டு உரிமையாளர் கையெழுத்திட்ட சான்று வேண்டும். தற்காலிக அறையில் தங்குபவருக்கு அது பெரும்பாலும் கிடைக்காது. இங்கேதான் பிள்ளைகள் மாதக்கணக்கில் மாட்டிக்கொள்கிறார்கள். எனவே வெளிநாட்டுப் பணத்தை முன்கூட்டியே ஏற்றிக்கொள்ளும் ஃபாரெக்ஸ் கார்டில் தனியாக 2,000 யூரோ கொடுத்தனுப்புங்கள். வாடகை முன்பணம் மூன்று மாத அடிப்படை வாடகை வரை போகும். அதை மூன்று தவணையாகக் கட்ட ஜெர்மன் சட்டம் அனுமதிக்கிறது. அறையைப் பார்க்காமல் முன்பணம் அனுப்பவே கூடாது. மாணவர் விடுதிக்கு இன்றே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள், காத்திருப்போர் பட்டியல் நீளம்.

விடுதி கிடைத்துவிட்டால் வாடகை 320, மருத்துவக் காப்பீடு 145, சாப்பாடு 220, செமஸ்டர் கட்டணம், போன் எல்லாம் சேர்த்து மாதம் 750 யூரோவுக்குள் அடக்கலாம். மியூனிக் என்றால் இந்தக் கணக்கு செல்லாது, அங்கே அறை வாடகையே பாதிக்கு மேல் விழுங்கிவிடும்.

வேலை விஷயத்துக்கு வருகிறேன். ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை பார்க்க விசா இடம் தருகிறது. 2026-ல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 13.90 யூரோ. 'மினிஜாப்' எனும் குறைந்த சம்பளப் பகுதிநேர வேலை என்றால் மாதம் 603 யூரோ வரை, அதாவது வாரம் சுமார் 10 மணி நேர வேலை. ஆனால் ஜெர்மன் மொழி பேச வராதவருக்கு முதல் ஆறு மாதத்தில் வேலை அமைவதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். உணவு டெலிவரியைச் 'சுயதொழில்' ஒப்பந்தத்தில் பார்க்க இந்த விசாவில் தனி அனுமதி தேவை. ரசீதில்லாத ரொக்கக் கூலி பிடிபட்டால் குடியிருப்பு அனுமதிக்கே ஆபத்து.

அந்த அனுமதியைப் புதுப்பிக்கும்போது அடுத்த காலத்துக்கான பணத்தைத் திரும்பவும் காட்டச் சொல்வார்கள். கைமாற்றாகப் பிறர் பணத்தை வாங்கி முதலாண்டுக்குக் காட்டிவிட்டு, எடுக்க எடுக்கத் திருப்பிக் கொடுத்த குடும்பங்கள் உடைவது அப்போதுதான்.

ஆகவே அவர் கிளம்பும் முன்பே கல்விக் கடனை ஒப்புதல் வாங்கி வையுங்கள். அரசின் கடன் உத்தரவாதத் திட்டத்தில் 7.5 லட்சம் வரை சொத்து அடமானம் கேட்கக் கூடாது, வீட்டுப் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும். எடுத்த தொகைக்குத்தான் வட்டி. இரண்டாம் ஆண்டில் தேவைப்படும்போது எடுக்கலாம்.

கடைசியாக, பணம் அனுப்பும் படிவத்தில் நோக்கம் 'வெளிநாட்டுக் கல்வி' என்று இருக்கிறதா என்று கையெழுத்திடும் முன் பாருங்கள். நிதியாண்டில் 10 லட்சத்தைத் தாண்டும் தொகைக்கு டிசிஎஸ், அதாவது அனுப்பும்போதே வங்கி பிடித்துக்கொள்ளும் வரி உண்டு. கல்விக்கு விகிதம் குறைவு, 'உறவினர் பராமரிப்பு' என்று குறித்தால் 20 சதவீதம். 12.5 லட்சம் அனுப்பும் உங்களுக்கு 50,000 ரூபாய் முடங்கிவிடும். வருமான வரி தாக்கல் செய்துதான் திரும்பப் பெற வேண்டும். வங்கிக் கல்விக் கடனிலிருந்து போகும் பணத்துக்கு டிசிஎஸ் இல்லை.