இரண்டு மாதத்துக்கு ஒரு புத்தகம் வேண்டாம்

நீங்கள் இருவர் சேர்ந்து உருவாக்கிய ரோல்-பிளேயிங் விளையாட்டின் (ஆளுக்கொரு பாத்திரமாகி, கூடி உட்கார்ந்து கதையாக ஆடுவது) மூல விதிநூல் வந்து ஆறு மாதம் ஆகிறது, இனி இரண்டு மாதத்துக்கு ஒரு துணைநூல் (கூடுதல் விதிகளோ சாகசமோ) போடாவிட்டால் ஆட்கள் மறந்துவிடுவார்களோ என்று கேட்டிருக்கிறீர்கள். பயம் நியாயமானதுதான். ஆனாலும் அந்த வேகம் வேண்டாம்.

எங்கள் குழு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கூடும். நூறு பக்கச் சாகசம் (ஆடுவதற்கென்று எழுதிய கதை) ஒன்றை ஆடி முடிக்க எட்டு மாதம் பிடித்தது. உங்கள் கணக்குப்படி அதற்குள் நான்கு புத்தகங்கள் வந்திருக்கும். ஆட்டம் நடத்துபவரின் அலமாரியில் புரட்டாத புத்தகம் இரண்டு கிடந்தால் மூன்றாவதை வாங்க அவருக்கு மனம் வராது.

இந்த வகையில் மிகப் பிரபலமான விளையாட்டான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை வெளியிட்ட டி.எஸ்.ஆர். நிறுவனம் 1990களில் ஏகப்பட்ட கற்பனை உலகங்களுக்குத் தனித்தனியாகப் புத்தகம் போட்டது. வாங்குபவர்கள் சிதறிப் போனார்கள். வேறு சிக்கல்களும் சேர்ந்துகொள்ள, 1997இல் நிறுவனமே கைமாறியது. 2014இல் வந்த அதே விளையாட்டின் ஐந்தாம் பதிப்போ அடுத்த சில ஆண்டுகள் வருடத்துக்கு இரண்டு மூன்று பெரிய புத்தகங்களோடு நின்றது, நன்றாகவே வளர்ந்தது.

சாகசங்கள் அடிக்கடி வரலாம், ஆடி முடித்தால் அடுத்தது தேவைப்படும். பைசோ என்ற இன்னொரு பதிப்பகம் 2007இலிருந்து மாதாமாதம் தொடர்கதை போலச் சாகசங்கள் வெளியிட்டது. புது விதிகள் அப்படியில்லை. ஒவ்வொரு புது மந்திரத்தையும் பழையவை எல்லாவற்றோடும் சேர்த்துச் சோதிக்க வேண்டும். உங்கள் இரண்டு பேர் அணிக்கு அது தாங்காது.

வருடத்துக்கு ஒரு விதிநூல், நடுவில் பத்துப் பக்க பிடிஎஃப் சாகசங்கள். அப்புறம், எழுதி முடிக்காமல் தேதி மட்டும் அறிவிக்காதீர்கள்.