சென்னை–சிங்கப்பூர்: ஏழு மணி நேரமெல்லாம் இல்லை

அம்மாவின் டிக்கெட்டில் இரவு 11.15க்குக் கிளம்பி காலை 6 மணிக்கு இறங்குவதாக இருக்கிறது, முட்டி வலியோடு ஏழு மணி நேரம் எப்படி உட்காருவார் என்று கேட்டிருந்தீர்கள். கவலை வேண்டாம். டிக்கெட்டில் அந்தந்த ஊர் நேரத்தைத்தான் போடுவார்கள். சிங்கப்பூர் கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அதைக் கழித்தால் நாலேகால் மணி நேரம்தான். தூரம் சுமார் 2,900 கி.மீ.; ஓடுபாதைக்கு ஊர்ந்து போகிற நேரமும் இந்தக் கணக்கிலேயே அடக்கம். திரும்பி வரும் டிக்கெட்டைப் பார்த்தால் ஏதோ ஒன்றரை மணி நேரப் பயணம் மாதிரி தெரியும், அதையும் நம்பிவிடாதீர்கள்!

நடைவழி ஓர சீட்டை இப்போதே பிடித்துவிடுங்கள், நடுவில் எழுந்து நாலு எட்டு நடக்கலாம். அப்புறம், வீல்சேர் வேண்டுமென்றால் விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் நடை கொஞ்சம் அதிகம்.