ஆஸ்பத்திரி ஊழியர்கள் சிகரெட்டை நிறுத்த வாட்ஸ்அப் குரூப் உதவுமா? கேள்வி பதில்

புகையிலைப் பழக்கத்தைக் கைவிட ஆலோசனை சொல்லும் வேலையில் இருக்கிறேன். மருத்துவமனை ஊழியர்களுக்காக வாட்ஸ்அப் குரூப்களும் நடத்துகிறேன். இந்த வாரம் வந்த கேள்விகளில் சில.

ஐசியு ஸ்டாஃப் நர்ஸ், மதுரை: சிகரெட் கெடுதல்னு எங்களுக்கே பாடம் எடுக்கப் போறீங்களா சார்?

இல்லை தம்பி. கறுத்துப்போன நுரையீரல் படத்தை யாராவது போட்டால் உடனே டெலிட் செய்துவிடுவேன். நீங்கள் தினமும் நேரில் பார்ப்பதுதானே! குரூப்புக்கு வேலை வருவது நைட் டூட்டியில், விடியற்காலை மூன்று மணிக்கு. சிகரெட் ஆசை உச்சத்தில் நிற்பது சில நிமிடங்கள்தான். அப்போது "கீழே டீக்கடைக்கு இறங்கப் போறேன்" என்று ஒரு வரி போட்டால், வேறு ஊர் வார்டில் முழித்திருக்கும் ஒருவர் "இறங்காதீங்க, போன் பண்றேன்" என்பார். அந்த நேரத்துக்கு எந்த ஆலோசனை மையமும் திறந்திருக்காது. ஆனால் இறங்குவதற்கு முன்னால் போட வேண்டும். அடித்துவிட்டு வந்து வருத்தப்படுவதற்கு ஆள் நிறைய இருக்கிறது.

108 ஆம்புலன்ஸ் டிரைவர்: இதெல்லாம் நிஜமாவே வேலை செய்யுமா?

ஓரளவு. பிரிட்டனில் 5,800 பேரை வைத்து நடந்த ஆய்வு 2011இல் வெளியானது. ஊக்கம் தரும் குறுஞ்செய்திகள் போனவர்களில் 10.7 சதவீதம் பேர் ஆறு மாதம் புகைக்காமல் இருந்தார்கள். மற்றவர்களில் 4.9 சதவீதம். இரண்டு மடங்குதான், ஆனாலும் பத்தில் ஒருவர்தான் என்பதையும் பாருங்கள். ஹாங்காங்கில், அப்போதுதான் விட்டிருந்தவர்களை வைத்துச் சிறிய அளவில் ஒரு சோதனை செய்தார்கள். வாட்ஸ்அப் குரூப்பில் இருந்தவர்களில் மறுபடி பிடித்தவர்கள் குறைவு. ஃபேஸ்புக் குரூப்பில் அந்தப் பலன் தெரியவில்லை. வாட்ஸ்அப்பில் பேச்சு அதிகமாக நடந்தது ஒரு காரணமாக இருக்கலாம்.

ஹவுஸ் சர்ஜன், பெண்: எங்க ஹெச்.ஓ.டி. அந்த குரூப்ல இருந்தா? நான் புகைப்பது வீட்டுக்கே தெரியாது.

மேலதிகாரி இருக்கும் குரூப்பில் யாரும் உண்மை பேச மாட்டார்கள். அதனால் ஒரே ஆஸ்பத்திரி ஆட்களை ஒன்றாகப் போடுவதில்லை. ஆனால் சாதாரண வாட்ஸ்அப் குரூப்பில் உங்கள் எண் மற்றவர்களுக்குத் தெரியும். டெலிகிராமில் எண்ணை மறைத்துப் புனைபெயரில் இருக்கலாம். அதுவும் வேண்டாமென்றால் 1800-11-2356 என்ற இலவச எண்ணில் கூப்பிடுங்கள், தமிழிலும் பேசலாம். சிகரெட் பாக்கெட்டிலேயே அச்சடித்திருக்கும் எண்தான். ஒத்தை ஒத்தையாக வாங்குகிறவர்கள் பாக்கெட்டைப் பார்ப்பதே இல்லை!

லேப் டெக்னீஷியன்: நிக்கோட்டின் கம் போட்டா விக்கல் வருது, நெஞ்செரியுது. ஆசையும் அடங்கல.

பபுள்கம் மாதிரி மென்றுகொண்டே இருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அப்படி மென்றால் நிக்கோட்டின் எச்சிலோடு வயிற்றுக்குப் போய்விடும். மெதுவாக மெல்லுங்கள். காரம் ஏறியதும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கிக்கொள்ளுங்கள். காரம் இறங்கியதும் மறுபடி நாலு மெல்லு. அரை மணி நேரம் இப்படியே. டீ, காபி குடித்தால் கால் மணி நேரம் கழித்துத்தான் போட வேண்டும், இல்லாவிட்டால் வாய் வழியே சரியாக உறிஞ்சாது. எழுந்து அரை மணி நேரத்துக்குள் முதல் சிகரெட் பற்றவைக்கிறவருக்கு 2 மி.கி. கம் போதாமல் போகலாம், 4 மி.கி. பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

டீ என்றதும் இன்னொன்று. புகையில் உள்ள பொருட்கள் கல்லீரலைத் தூண்டி காஃபினை வேகமாக வெளியேற்றும். சிகரெட்டை விட்ட பிறகு அதே ஆறு டீ குடித்தால் உடம்பில் காஃபின் கூடிவிடும். படபடப்பு, தூக்கமின்மை எல்லாம் வரும். நிக்கோட்டின் இல்லாததால்தான் என்று நினைத்து மறுபடி பற்றவைக்கிறார்கள். டீயைப் பாதியாக்குங்கள். மூச்சிரைப்புக்காகத் தியோஃபிலின் மாத்திரை எடுப்பவர்கள் சிகரெட்டை விடும்போதே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள், அதன் அளவும் இப்படித்தான் ஏறும்.

ஐம்பது வயசு ஆச்சு. இனி விட்டு என்ன சார் பிரயோஜனம்?

ஆயுளில் சுமார் ஆறு வருஷம் கூடும். பிரிட்டிஷ் மருத்துவர்களையே 1951 முதல் ஐம்பது ஆண்டு பின்தொடர்ந்து ஆய்வாளர் ரிச்சர்ட் டால் குழு கண்ட கணக்கு அது. நாற்பதில் விட்டால் ஒன்பது.

இன்னைக்கு விட்டுட்டேன்னு ஸ்டேட்டஸ் போடலாமா?

எனக்கு உடன்பாடில்லை. நூறு பேர் லைக் போட்டபின் ஒரு நாள் தவறினால், வெட்கத்தில் ஒளிந்துகொள்வீர்கள். தவறியதைக் கூசாமல் சொல்ல முடிகிற பத்துப் பேர் போதும்.

எங்க ஆஸ்பத்திரில நானே ஒரு குரூப் தொடங்கலாமா?

தாராளமாக, மேலதிகாரிகளைச் சேர்க்காமல். எல்லாரும் ஒரே வாரத்தில் விடத் தொடங்குகிறவர்களாகப் பார்த்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். நைட் டூட்டி பட்டியலை எல்லாரும் முன்கூட்டியே போட்டுவிட்டால், யார் எப்போது முழித்திருப்பார் என்று தெரியும். ஃபார்வர்டும் குட்மார்னிங் படமும் மட்டும் கூடாது, மூன்றாம் நாளே பாதிப் பேர் மியூட் செய்துவிடுவார்கள்.