டுடோரியலில் சிம்பிளெக்ஸ் எடுப்பது எப்படி?

கேள்வி: முதுகலை படித்துக்கொண்டே இளங்கலை மாணவர்களுக்குப் புள்ளியியல், செயல்முறை ஆய்வு டுடோரியல் எடுக்கிறேன். இருக்கும் வளத்துக்குள் அதிக லாபம் தரும் அளவுகளைப் படிப்படியாகக் கண்டுபிடிக்கும் சிம்பிளெக்ஸ் முறையின் அட்டவணையை மனப்பாடமாகப் போடுகிறார்கள். எங்கே தப்பியது என்று அவர்களுக்கே தெரிவதில்லை. பி-மதிப்பிலும் குழப்பம்தான். என்ன செய்யலாம்?
– வாசகி, சுங்கை டுவா, பினாங்கு

பதில்: எடுத்த எடுப்பிலேயே அட்டவணைக்குப் போகாதீர்கள். இரண்டே மாறிகள் உள்ள கணக்கை வரைபடத்தில் போட வையுங்கள். லிட்டில் இந்தியாவில் ஒரு பலகாரக் கடை என்று வைத்துக்கொள்வோம். முறுக்கு ஒரு டின்னுக்கு 3 கிலோ மாவு, அடுப்பு 10 நிமிடம், லாபம் 8 ரிங்கிட். அதிரசம் ஒரு டின்னுக்கு 2 கிலோ மாவு, 20 நிமிடம், லாபம் 10 ரிங்கிட். கையில் இருப்பது 36 கிலோ மாவு, 240 நிமிடம். வரைபடத்தில் இந்த வரம்புகளுக்குள் அடங்கும் பகுதியின் நான்கு மூலைகளிலும் லாபம் 0, 96, 120, 138. ஆக முறுக்கு 6, அதிரசம் 9. இதைப் பார்த்துவிட்டு அட்டவணைக்கு வந்தால், ஒவ்வொரு சுற்றிலும் ஒரு மூலையிலிருந்து அடுத்த மூலைக்கு நகர்கிறோம் என்பது தானாகவே புரியும்.

தப்பு பெரும்பாலும், எந்த வளம் முதலில் தீரும் என்று பார்க்கும் விகிதச் சோதனையில்தான். பத்து நிமிடத்தை ஓர் அலகாகக் கொண்டால், அதிரசம் உள்ளே வரும்போது நேர வரிசையில் 24÷2 = 12, மாவு வரிசையில் 36÷2 = 18. சிறியதை விட்டுவிட்டு 18-ஐ எடுப்பவர் வகுப்பில் நிச்சயம் இருப்பார். உடனே திருத்தாமல் அவரையே தொடரச் சொல்லுங்கள். 18 டின் அதிரசத்துக்கு 360 நிமிடம் வேண்டும்; நேர வரிசையின் வலப்பக்கத்தில் −12 வந்து நிற்கும். கடையில் இல்லாத 120 நிமிடம் அது. சிறிய விகிதத்தை ஏன் எடுக்கிறோம் என்பதை அதன்பின் அவரே சொல்லிவிடுவார். உள்ளே வரும் மாறியின் (இங்கே அதிரசத்தின்) நெடுவரிசையில் பூஜ்ஜியமோ கழித்தல் எண்ணோ இருந்தால், அந்த வரிசைக்கு விகிதமே பார்க்கக் கூடாது என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.

தாள் திருத்தும்போது, ஒரு பின்னம் தப்பியதற்காகப் பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் மதிப்பெண் வெட்டுவது நியாயமில்லை. முறைக்குத் தனி மதிப்பெண் வையுங்கள்.

நிழல் விலைக்கும், அதாவது ஒரு வளம் ஓர் அலகு கூடினால் லாபம் எவ்வளவு கூடும் என்பதற்கும், இதே கடை போதும். அடுப்பு 40 நிமிடம் கூடுதலாகக் கிடைத்தால் முறுக்கு 4, அதிரசம் 12, லாபம் 152. அதாவது 10 நிமிடத்துக்கு 3.50 ரிங்கிட். மொத்த நேரம் 360 நிமிடத்தைத் தாண்டினால் மாவுதான் தடை; கூடுதல் நேரத்தால் ஒரு சென்கூட வராது. இந்த எல்லையைச் சொல்லாமல் விடாதீர்கள்.

பி-மதிப்புக்கு, அதாவது எல்லாம் சரியாக இருக்கும்போதும் இவ்வளவு விசித்திரமான முடிவோ அதைவிட விசித்திரமானதோ வரும் வாய்ப்புக்கு, 20 சென் நாணயம் போதும். 30 பேரும் ஆளுக்கு 10 முறை சுண்டட்டும். ஒரே பக்கம் 9 முறையோ 10 முறையோ விழும் வாய்ப்பு 22/1024, சுமார் 0.02; 9 முறை விழுந்தால் இதுதான் பி-மதிப்பு. ஆனாலும் 30 பேரில் யாராவது ஒருவருக்காவது அப்படி விழ ஏறக்குறைய பாதி வாய்ப்பு உண்டு. விழுந்ததும், "இந்த நாணயம் கோளாறா?" என்று கேளுங்கள். நாணயம் சரியானது என்று வைத்துக்கொண்டுதான் 0.02 கணக்கிட்டோம், அதனால் அது நாணயம் சரியாக இருப்பதற்கான வாய்ப்பாக முடியாது. யாருக்கும் விழாவிட்டால் இன்னொரு சுற்று சுண்ட வையுங்கள்.