‘ஃபுட் சிஸ்டம்ஸ்’ படிக்கணும் என்கிறாளா மகள்? முதலில் பட்டத்தின் பெயரைப் பாருங்கள்

‘ஃபுட் சிஸ்டம்ஸ்’, அதாவது உணவு முறை பற்றிய படிப்பு என்று இணையத்தில் தேடினால் நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழகம் வருகிறது, நம் வேளாண்மைப் பல்கலைக்கழகம் இருக்கும் கோயம்புத்தூர் வருவதில்லை. அதனாலேயே பல பெற்றோர் ‘இதெல்லாம் வெளிநாட்டுப் படிப்பு, இங்கே வேலை கிடைக்காது’ என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். விளைவிப்பவருக்கு விலை, சமைப்பவருக்குக் கூலி, சாப்பிடுபவருக்குச் சத்து, மண்ணுக்குக் கேடு இல்லாமை ஆகிய நான்கையும் சேர்த்துப் பார்க்கிற படிப்பு இது. ரேஷன் அரிசியும், 1956-இல் தொடங்கிய மதிய உணவும், 2022-இல் வந்த காலை உணவுத் திட்டமும் இருக்கிற மாநிலத்தில் இதற்கு வேலை இல்லை என்பது சரியல்ல. ஆனால் இளநிலையிலேயே அந்தப் பெயரைத் தேடிப் போவதுதான் ஆபத்து.

அரசு வேலை அறிவிக்கைகள் பட்டத்தின் பெயரைக் குறிப்பிட்டே வருகின்றன. வேளாண்மை அலுவலர் பணிக்கு பி.எஸ்சி. வேளாண்மை வேண்டும். உணவுப் பாதுகாப்பு அலுவலருக்கு உணவுத் தொழில்நுட்பம், பால்வளத் தொழில்நுட்பம், வேளாண் அறிவியல், நுண்ணுயிரியல் என்று ஒரு பட்டியலே இருக்கிறது. பட்டியலில் இல்லாத புதுப்பெயரில் பட்டம் வாங்கிவிட்டு, ‘இணையானது’ என்று அரசாணை தேடி அலைபவர்கள் ஏராளம். எனவே இளநிலையில் பழைய, கெட்டியான ஒரு பாடம். உணவு முறை பற்றிய படிப்பை அதன்மேல் கட்டிக்கொள்ளலாம்.

அந்த அடித்தளம் எது என்பது மகளின் நாட்டத்தைப் பொறுத்தது. வயலும் விவசாயியும் பிடிக்கும் என்றால் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்சி. வேளாண்மை. நீட் கிடையாது, +2 மதிப்பெண்ணில் தரவரிசை. கிராமத்தில் தங்கி விவசாயிகளோடு வேலை பார்க்கும் பயிற்சியும் பாடத்திட்டத்திலேயே உண்டு. சத்துணவில் ஆர்வம் என்றால் மதுரை சமுதாய அறிவியல் கல்லூரி, கோவை அவினாசிலிங்கம் மகளிர் பல்கலைக்கழகம். கணக்கும் இயந்திரமும் பிடித்தவர்களுக்குத் தஞ்சாவூரில் இருக்கும் மத்திய அரசின் உணவுத் தொழில்நுட்பக் கல்வி நிறுவனமான நிஃப்டெம், அதற்குப் பொறியியல் நுழைவுத் தேர்வான ஜே.இ.இ. மெயின் மதிப்பெண் வேண்டும். திண்டுக்கல் பக்கம் இருக்கும் காந்திகிராமம் கிராமியப் பல்கலைக்கழகத்தைப் பலர் யோசிப்பதே இல்லை. யோசிக்கலாம். தனியார் கல்லூரி என்றால் கட்டடத்தைப் பார்த்து மயங்காமல் இரண்டே கேள்வி கேளுங்கள்: வேளாண் பல்கலைக்கழகத்தின் இணைப்பு இருக்கிறதா, ஐ.சி.ஏ.ஆர். எனப்படும் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் அங்கீகாரம் இருக்கிறதா? இரண்டாவது இல்லாவிட்டால் மேற்படிப்பில் இடிக்கும்.

சேர்ந்த பிறகு மகள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு, அது எந்தப் பாடத்திட்டத்திலும் இருக்காது. விடுதி மெஸ்ஸை ஆய்வுக்கூடமாக எடுத்துக்கொள்வது. வார்டன் அனுமதியோடு மூன்று வாளி, 50 கிலோ வரை நிறுக்கும் மின்னணுத் தராசு ஒன்று, 7 நாள். முதல் வாளியில் நறுக்கும்போது கழிவது, இரண்டாவதில் பரிமாறாமல் அண்டாவில் மீந்தது, மூன்றாவதில் தட்டில் மிஞ்சியது. காலி வாளியின் எடையை முதலிலேயே பெயின்ட்டால் எழுதிவிட வேண்டும்.

கணக்கு இப்படி: மதியம் 380 பேர் சாப்பிட்டு, மூன்றாவது வாளிகளில் மொத்தம் 42 கிலோ சேர்ந்தால் தலைக்கு 110 கிராம். அதில் பாதி சோறு என்றால் 21 கிலோ. ஒரு கிலோ அரிசி இரண்டரை முதல் மூன்று கிலோ சோறாகும். ஆக, ஒரே வேளையில் 7, 8 கிலோ அரிசி குப்பைக்கு.

எங்கே பிசகும்? தலைக்கணக்கை வருகைப் பதிவேட்டில் எடுத்தால் தப்பாகும். சனி, ஞாயிறு பாதிப் பேர் ஊருக்குப் போயிருப்பார்கள், டோக்கனைத்தான் எண்ண வேண்டும். ரசமும் கை கழுவிய தண்ணீரும் வாளியில் விழுந்தால் எடை ஏறும், வடிகட்டி நிறுக்கணும். எலும்பு, வாழைப்பழத் தோல் தனியாக. நிறுக்கிறார்கள் என்று தெரிந்ததும் முதல் இரண்டு நாள் எல்லாரும் ஒழுங்காகச் சாப்பிடுவார்கள். அதனால் 9 நாள் எடை பார்த்து, முதல் இரண்டை விட்டுவிடுவது நல்லது. காரணம் பெரும்பாலும் மாணவர்களின் ஊதாரித்தனமாக இருக்காது. லேப் முடிந்து இரண்டு மணிக்கு வருகிறவருக்குக் கிடைப்பது விறைத்த சோறு. அதை யார் சாப்பிடுவார்கள்?

அடுத்தது கொள்முதல். விவசாயிகளே பங்குதாரர்களாகச் சேர்ந்து நடத்தும் பக்கத்து உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்திடமே வாங்கலாமே என்று தோன்றும். தக்காளியில் ஆரம்பித்தால் தோற்கும். மெஸ் டெண்டரில் மாதம் முழுக்க ஒரே விலை, சந்தையிலோ நாளுக்கொரு விலை. விலை ஏறினால் விவசாயி சந்தைக்குப் போவார், இறங்கினால் மெஸ் சந்தைக்குப் போகும். செமஸ்டர் விடுமுறையில் மெஸ்ஸே மூடிவிடும், செடி காய்ப்பதை நிறுத்தாது. எனவே கெடாத பொருளில் தொடங்க வேண்டும்: கடலை எண்ணெய், துவரம்பருப்பு, கேழ்வரகு. பில் தொகை 15 நாளில் கைக்கு வரும்படி எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். இரண்டு மாதம் இழுத்தால் சிறு நிறுவனம் படுத்துவிடும். பாரம்பரிய அரிசி போடலாம் என்று யாராவது சொன்னால் நிதானிக்க வேண்டும். மெஸ் செலவை மாணவர்களுக்கே சமமாகப் பங்கு போடும் டிவைடிங் சிஸ்டத்தில் கூடுதல் செலவு முழுக்க மாணவர் தலையில்தான் விழும், ஏழை வீட்டுப் பிள்ளைக்கும் அதே பங்கு. நியாயம் என்ற சொல் இங்கேதான் சோதிக்கப்படுகிறது.

மெஸ் கழிவுக் கணக்கு, கொள்முதல் முயற்சி இரண்டையும் அறிக்கையாக எழுதிக் கையில் வைத்திருந்தால் முதுநிலைச் சேர்க்கையில் கனம் கூடும். வெண்மைப் புரட்சியின் குரியன் 1979-இல் குஜராத்தின் ஆனந்தில் தொடங்கிய ஊரக மேலாண்மைக் கல்வி நிறுவனமான இர்மாவாக இருந்தாலும், பெங்களூர் அசீம் பிரேம்ஜி பல்கலைக்கழகமாக இருந்தாலும், வெளிநாடாக இருந்தாலும் சரி.

சம்பளத்தைப் பற்றி ஒளிவில்லாமல் சொல்வதானால், தொடக்கம் சுமார்தான். மத்திய அரசின் 2020-ஆம் ஆண்டுத் திட்டத்தில் உழவர் உற்பத்தியாளர் நிறுவன முதன்மை அலுவலருக்கு மாதம் 25,000 ரூபாய் வரைதான் உதவி. வங்கியின் வேளாண் கள அலுவலர், வேளாண், ஊரக வளர்ச்சிக்கான தேசிய வங்கியான நபார்டு ஆகிய வேலைகளில் அதைவிட நிலையான வருமானம். கடன் வாங்கித்தான் படிக்க வைக்கிறீர்கள் என்றால் இந்தத் தேர்வுகளுக்கு மூன்றாம் ஆண்டிலேயே தயாராகச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒரு அவசரம். ஜே.இ.இ., மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான நுழைவுத் தேர்வான கியூட் ஆகியவற்றின் விண்ணப்பங்கள் +2 முடிவுக்கு வெகு முன்பே முடிந்துவிடும். மாநிலத்தின் பி.சி. சான்றிதழ் மத்திய நிறுவனங்களில் செல்லாது. மத்திய ஓ.பி.சி. சான்றிதழை இ-சேவை மையத்தில் தனியாக விண்ணப்பித்து இப்போதே வாங்கிவையுங்கள்.